இருநூற்றுப் பதினாலாம் ஆணி

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் பிளாட் போட்டு விற்ற இடங்களில் ஒன்று பார்பரா நகர். நாற்பத்திரண்டு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பெயரைப் பார்த்துவிட்டு யாரோ வெள்ளைக்காரம்மா வாங்கிப்போட்ட இடம் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பார்பரம்மாள் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காவலான புனிதை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு காலத்தில் தருமபுரிப் பக்கம் காரைக்கரடு செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், இல்லாவிட்டால் அவர்கள் பெற்ற பிள்ளைகள். சுரங்கத்தை மூடியதும் ஃபேக்டரிகள் இருக்கிற பக்கமாக ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சுரங்கத்தின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று டெனிசன் உட்கார்ந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அவருக்கு வயது ஐம்பத்தேழு. கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் ஸ்டோர் வேலை. எங்கெங்கிருந்தோ ரீல் ரீலாக வந்து இறங்கும் செம்புக் கம்பியைச் சரிபார்த்து அடுக்கவைப்பார். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நீள நோட்டில் எழுதுவார். வலது கால் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து கோணலாகக் கூடிய கால், மடக்க வராது. அவருக்குச் சுருக்கமாக எழுதவும் வராது. எழுதியது மறுநாள் அவருக்கே புரியாது என்பதால் மனைவி ரோஸி அதையெல்லாம் குண்டு குண்டான எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தாள். டிசம்பர் நாலாம் தேதி பார்பரம்மாள் திருநாளுக்குள் ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாக்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

வரலாறு நன்றாகத்தான் இருந்தது. கரட்டில் ஆடு மேய்த்தவர்கள் பச்சை பூத்த கற்களைப் பொறுக்கி வந்த காலத்திலிருந்து தொடங்கியிருந்தார். எந்தக் காலத்து ஆட்களோ குடைந்துவிட்டுப் போன குழிகள், அவற்றின் வாயில் குவிந்து கிடந்த கருப்புக் கசடு, வெள்ளைக்காரன் துளை போட்டுப் பார்த்துவிட்டு லாபம் வராது என்று எழுதிவைத்துவிட்டுப் போனது, அறுபத்தாறில் கம்பெனி வந்து மூன்று தளங்கள் வெட்டியது, மயில் கழுத்து நிறத்தில் மின்னும் தாதுக்கல் எல்லாம் வரிசையாக வந்தன. கீழே சுவரில் கசியும் நீரில் காலையில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டால் சாயங்காலம் செம்பு பூசிக்கொண்டு நிற்கும் என்பதற்கு மட்டும் ஒரு பக்கம். அதைப் படியெடுக்கும்போது ரோஸிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு அவர் கொடுத்த முதல் பரிசு அப்படி ஓர் ஆணிதான். கையில் ஒன்றுமில்லை என்பதையே பரிசாக்கத் தெரிந்த மனிதர்.

ஐந்தாம் அத்தியாயத்தில் டோக்கன் வந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவன் சன்னலில் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சன்னலுக்கு உள்ளே பெரிய பலகை, ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆணி. ஷிஃப்ட் முடிந்த பிறகு ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அவனைத் தேடி ஆட்கள் இறங்கியே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

"இப்ப மூஞ்சக் காட்டி பன்ச் பண்றோம். அவுட் பன்ச் மறந்தா எவனும் தேடி வரமாட்டான், மெயில்தான் வரும்" என்றாள் மகள் ஜெர்சி. அவளும் அதே ஃபேக்டரியில் லைனில் நிற்பவள். டெனிசன் அதையும் நோட்டில் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சன்னலில் உட்கார்ந்திருந்தவள் ரோஸிதான். அவள் அப்பா இருபது வருடம் கீழே வேலை பார்த்து, கல்தூசி நெஞ்சில் சேர்ந்து செத்துப்போனார். அவருக்குப் பதிலாக அவளுக்கு மேலே வேலை கொடுத்தார்கள். அப்பாவின் எண் 214. அந்த எண் புதிதாகச் சேர்ந்த யேசுராஜ் என்கிற பையனுக்குப் போனது. தினமும் அப்பாவின் எண்ணை இன்னொருவன் கையில் கொடுத்து வாங்க அவளுக்குக் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சுரங்கத்தை ஏலம் விட்டபோது ஆட்கள் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பலகையை டோக்கன்களோடு வாங்கிவிட்டார்கள். இப்போது அது பார்பரா நகர் கோயிலில், பீடத்துக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கிறது. திருநாள் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களின் எண்களை வாசிப்பார்கள். எண்ணுக்கு உரியவர் எழுந்து "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். செத்தவர்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும், ஷிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வீட்டு ஆள் யாராவது எழுந்து சொல்வார்கள். டெனிசன்தான் வாசிப்பார். அவர் எண் 222. டெங்கு வந்து கிடந்த வருடம்கூட, ரோஸி தான் சொல்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும், ஆட்டோவில் வந்து இறங்கித் தன் எண்ணுக்குத் தானே பதில் சொன்ன மனிதர் அவர்.

214 மட்டும் வாசிக்கப்படுவதில்லை. பலகையில் அந்த ஆணி காலி.

நவம்பர் முதல் வாரம், கடைசி அத்தியாயத்தைப் படியெடுக்க ரோஸி உட்கார்ந்தாள். அதில் டெனிசன் இப்படி எழுதியிருந்தார்: 'சுரங்கத்தின் கடைசி நாளன்று 214ஆம் எண் தொழிலாளி யேசுராஜ், டோக்கனை ஒப்படைக்காமல் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். அவர் கீழே இருப்பதாக எண்ணித் தேட இறங்கிய குழுவில் நானும் ஒருவன். இரண்டாம் தளத்தில் கூரைக்கல் சரிந்து என் காலில் விழுந்தது.' அவ்வளவுதான். வசவு எதுவும் இல்லை. யேசுராஜ் என்ற பெயர் வரையில் எழுதிவிட்டு ரோஸி பேனாவை மூடி வைத்தாள்.

யேசுராஜ் டோக்கனை ஒப்படைத்திருந்தான். அதை வாங்கி ஆணியில் மாட்டாதவள் அவள்.

மறுநாள் பித்தளையை எல்லாம் உருக்கிவிடுவார்கள் என்று அன்று பேச்சாக இருந்தது. அப்பாவின் எண் உருகிப்போகக் கூடாது என்று தோன்றியது. யேசுராஜ் கொடுத்ததும் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பலகையை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தானே, எண்ணிக்கை சரி என்று போட்டுவிட்டால் ஆயிற்று. கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்து போடலாம் என்று கம்பெனி போட்ட பிரியாணிப் பந்திக்குப் போனாள். கடைசி நாளாயிற்றே, நானே எண்ணுகிறேன் என்று மேனேஜருக்கு அன்றைக்குப் பார்த்து ஆசை வந்தது. எண்ணினார், 214 காலி.

சங்கு ஊதியபோது பந்தியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கம்பெனி விடைபெறுகிறது என்று நினைத்தார்கள். ரோஸியும் தட்டினாள். விஷயம் தெரிந்து அவள் ஓடியபோது ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். 'டோக்கன் என்னிடம்தான் இருக்கிறது, கீழே யாரும் இல்லை, ஏறி வாருங்கள்' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். வேலையில் திருடி என்று பெயர் வருமே, விதவை அம்மா தலைநிமிர முடியாதே என்று பயந்தாள். இருபது நிமிடம் அப்படியே நின்றாள். அதற்குள் டெனிசனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் யேசுராஜ் திரும்பி வந்து, கொடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னபோது, மேனேஜர் அவளைக் கேட்டார். "ஞாபகம் இல்லீங்க சார்" என்றாள். அந்த மூன்று வார்த்தைதான் அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தவள் ஒரு வருடத்தில் டெனிசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கால் போனவனைக் கட்டிக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. அந்த மெச்சலையும் வாங்கி வைத்துக்கொண்டாள். குற்ற உணர்ச்சி எங்கே முடிந்தது, பிரியம் எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. இப்போது இருப்பது பிரியம்தான். அதனால்தான் சொல்ல இன்னும் பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவன் யேசுராஜ். குன்றத்தூரில் குடியிருப்பவன், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வண்டி ஓட்டுகிறவன். பார்பரா நகர் வாசல் வழியாக ஒரு நாளைக்கு இருபது தடவை போவான், உள்ளே வந்ததில்லை. தலை பாதி நரைத்திருந்தது. டெனிசன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் காட்டினார்.

"அண்ணா, புக்கு போடறீங்கன்னு வண்டில பேசிக்கினாங்க" என்றான் யேசுராஜ். "கடைசி நாள் பத்தி எழுதுவீங்க. என் பேரை எடுத்துடுங்கன்னு கேக்க வரல. எழுதிக்கோங்க. கூடவே, யேசுராஜ் மன்னிப்பு கேட்டுக்கிறான்னு ஒரு வரி போட்டுடுங்க."

"இத்தினி வருஷமா குடுத்தேன், குடுத்தேன்னு சொல்லிக்கினு இருந்த. இப்ப இன்னா?"

"குடுத்தேன்னுதான் இருந்துது ண்ணா. சன்னல் கட்டைல டோக்கன் பட்ட சத்தம், அக்கா கைல போட்டுக்கினு இருந்த பச்ச வளையல், எல்லாம் ஞாபகம் இருந்துது. பாக்கறவன்லாம் நீ குடுக்கல, நீ குடுக்கலன்னு சொல்லிச் சொல்லி, இப்ப கண்ண மூடினா அது என் பாக்கெட்லயே கீது. கைய வுட்டா தட்டுப்படுது. வூட்டப் பூட்டினு கிளம்பினா, பூட்டினேனா இல்லையான்னு மூணு தபா திரும்பி வந்து இழுத்துப் பாக்கறேன். என் ஞாபகத்த நானே நம்பறதில்ல. நான்தான் குடுக்காம போயிருப்பேன் போல."

டெனிசன் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய குரல் இளகிவிட்டது. "சரி வுடு, யேசு. அப்ப நீ சின்னப் பையன். இந்த வருஷம் உன் நம்பரக் கூப்பிடறேன், வந்து நில்லு. புக்குலயும் உன் பேரு வேணாம்."

ரோஸி கதவோரம் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். எல்லாம் எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவனுக்கு மன்னிப்பு கிடைத்துவிடும், அவன் பெயரும் புத்தகத்திலிருந்து போய்விடும். ஆனால் யேசுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் ண்ணா" என்றானே, அதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கி, அதற்கு நன்றியும் சொல்கிறான்.

உள்ளே போய்ப் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். சட்டைப் பொத்தான்கள், ஊக்குகள், பழைய ஜெபமாலை மணிகள், நடுவில் பித்தளை டோக்கன். அதை எடுத்து யேசுராஜ் கையில் வைத்தாள்.

"நீ குடுத்த தம்பி. நான்தான் எடுத்து வெச்சிக்கினேன். எங்கப்பா நம்பராச்சேன்னு எடுத்தேன். அப்புறம் சொல்ல தைரியம் வரல. சங்கு ஊதினப்ப இது என் முந்தானைலதான் இருந்துது."

கடைசி வாக்கியத்தை டெனிசனைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்ல வேண்டியது அவரிடம்தானே.

யேசுராஜ் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ நான் குடுத்துதான் கீறேன்" என்றான். "பச்ச வளையல்தான க்கா?"

"பச்சதான்."

"சத்தம் வந்துது இல்ல?"

"வந்துது."

"அப்போ நான் குடுத்துதான் கீறேன்" என்றான் மறுபடியும். அவன் முகத்தில் கோபம் வர இடமே இல்லை. காணாமல்போன பொருள் திரும்பக் கிடைத்தவன் முகமாக இருந்தது அது. ரோஸிக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான்: "அக்கா, ஒண்ணே ஒண்ணு. நாலாம் தேதி எல்லாரும் இருக்கச்சே இத உங்க கைல ஒரு தபா குடுக்கறேன். நீங்க வாங்கிக்கோங்க. அது போதும்."

அவள் தலையாட்டினாள். திரும்பிப் பார்த்தபோது டெனிசன் நாற்காலியில் இல்லை. ஊன்றுகோல் சத்தம் தெருவில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் டெனிசன் அவளிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. சோறு போடு என்பார், பஸ் வந்துடுச்சா பாரு என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோபத்தை வெளியே காட்டாதவரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நீள நோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். அச்சகத்திலிருந்து போன் வந்தபோது, "கடைசி அத்தியாயம் தப்பாப்பூட்ச்சு, இந்த வருஷம் வேணாம்" என்று சொல்வது அவள் காதில் விழுந்தது.

"இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று ஜெர்சி கேட்டாள். ரோஸி மகளிடமும் சொன்னாள். ஒரு தடவை சொன்னவளுக்கு இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேட்டுவிட்டு ஜெர்சி, "அப்பாக்கு டைம் குடும்மா" என்றாள். இருபத்தாறு வருடம் நான் எடுத்துக்கொண்டேனே, அவர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ரோஸி நினைத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அவர் சட்டையை மடிக்கும்போதெல்லாம், இந்த மனிதர் இனி என்னைத் தன் வீட்டு ஆளாக நினைப்பாரா என்ற ஒரே கேள்விதான் வந்தது.

டிசம்பர் நாலாம் தேதி காலையிலிருந்து மழை. பிளாட்டுகளுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இருந்தாலும் முதல் ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் யூனிஃபார்மோடு அப்படியே கோயிலுக்கு வந்துவிட்டார்கள். யேசுராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இவன் எங்கே இங்கே என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸி பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் இருந்தாள்.

டெனிசன் பலகைக்குப் பக்கத்தில் நின்று எண்களை வாசித்தார். அறுபத்தெட்டுக்கு ஒரு விதவை எழுந்து சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு மருமகள் சொன்னாள். "இருநூத்தி அஞ்சு." "வந்தாச்சு." அடுத்ததாக வழக்கப்படி 222க்குத் தாவ வேண்டும். டெனிசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இருநூத்திப் பதினாலு."

கோயிலில் ஒரு சலசலப்பு. யேசுராஜ் எழுந்தான். பதில் சொல்லவில்லை. நடுவழியே நடந்து முன் வரிசைக்கு வந்து, ரோஸியின் எதிரில் நின்று கையை நீட்டினான். "இந்தாங்க க்கா, டோக்கன்."

ரோஸி வாங்கிக்கொண்டு எழுந்தாள். பலகை வரைக்கும் எட்டு அடி இருக்கும். எட்டி அந்த ஆணியில் மாட்டினாள். பித்தளை மரத்தில் இடித்துச் சத்தம் வந்தது. பிறகு திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் குடுத்தாரு. வாங்கினவ மாட்டல. நான் எடுத்து வெச்சிக்கினேன். கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னேன். இத்தினி வருஷம் நீங்க இவரப் பேசினதெல்லாம் என்னப் பேசியிருக்கணும்."

தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி பெஞ்சுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்ற யேசுராஜ், "வந்தாச்சு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் நகர்ந்து, முதல் பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டார்.

ரோஸி தன் இடத்துக்குப் போகவும் முடியாமல், அங்கே நிற்கவும் முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டெனிசனை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இருநூத்தி இருவத்திரெண்டு" என்று அவர் வாசித்தார்.

அவருடைய எண். எல்லா வருடமும் வாசித்த வேகத்திலேயே கோலைத் தரையில் தட்டி, தானே பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இன்றைக்குச் சொல்லவில்லை. கோலைத் தட்டவும் இல்லை. தாளைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்ன ஆயிற்றோ என்று ரோஸி பதறி நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார்.

"இருநூத்தி இருவத்திரெண்டு" என்றார் மறுபடியும், மெதுவாக, அவளிடம்.

ரோஸிக்குப் புரிந்தது. குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"வந்தாச்சு."

டெனிசன் தலையை ஆட்டிவிட்டு, தாளை எடுத்து அடுத்த எண்ணை வாசித்தார்.